ஃபீனிக்ஸ் வெயிலில் கொல்லைப்புறக் கோழிகள்: வாசகர் கேள்வி – பதில்

அரிசோனாவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து கோழி வளர்ப்பு பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சாண்ட்லரில் தனி வீடு வாங்கியிருக்கிறோம். மனை 60 அடி அகலம். ஆறு கோழி வரை வளர்க்கலாம் என்று சட்டமே வந்துவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். உடனே குஞ்சு வாங்கிவிடலாமா? கூண்டை எங்கே வைப்பது?
– வாசகர், சாண்ட்லர்

குஞ்சு கடைசியில்தான். முதலில் இரண்டு காகிதங்களைப் படித்துவிடுங்கள்.

ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் 2024 மே மாதம் கையெழுத்திட்ட சட்டப்படி, அரை ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள மனையில் தனி வீடு இருந்தால், கொல்லையில் ஆறு கோழி வரை வளர்ப்பதை நகராட்சி தடுக்க முடியாது. ஆனால் நிபந்தனை போடலாம். சேவல் கூடாது எனலாம். கூண்டு 200 சதுர அடிக்கும் 8 அடி உயரத்துக்கும் மேல் போகக்கூடாது, பக்கத்து மனையிலிருந்து 20 அடி தள்ளியிருக்க வேண்டும், எச்சத்தை வாரம் இரண்டு முறையாவது அள்ள வேண்டும், தீவனத்தை எலியும் பூச்சியும் புகாத டப்பாவில் வைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கலாம். உங்கள் நகரம் இவற்றில் எவற்றை விதியாக்கியிருக்கிறது என்று நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது முதல் காகிதம். இரண்டாவது, வீடு வாங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட வீட்டு உரிமையாளர் சங்க விதிகள். மேற்சொன்ன சட்டம் கட்டுப்படுத்துவது நகராட்சியைத்தான், சங்கத்தை அல்ல. சங்க விதியில் கோழி கூடாது என்று இருந்தால், கூண்டு கட்டியபின் அபராதக் கடிதம்தான் வரும்.

இனி இடம். 60 அடி அகலத்தில் இருபுறமும் 20 அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது 20 அடிப் பட்டை. பின்சுவரிலிருந்தும் 20 அடி விட்டால், கூண்டு உங்கள் வீட்டின் பின்வாசலை ஒட்டித்தான் வரும். இது நல்லதே. நாற்றம் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்கு முன்னால் உங்கள் சமையலறைக்குத் தெரிந்துவிடும். உங்கள் நகரம் 20 அடி கேட்காவிட்டாலும் மதில் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். மேற்கு வெயில் வாங்கிய கான்கிரீட் மதில் நள்ளிரவு வரை அடுப்புக்கல் மாதிரி அனல் விட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டின் கிழக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பகல் ஒரு மணிக்குமேல் வீட்டு நிழலே கூண்டின்மேல் விழும். ஆறு கோழிக்கு 8 அடிக்கு 16 அடி, அதாவது 128 சதுர அடி தாராளம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது மேற்கு வெயில் வாங்குவது குறுகிய பக்கம் மட்டுமே. குளிர்நாட்டுப் படங்களில் வரும் மூடிய மரவீடு இங்கே வேண்டாம். கூரையும் மேற்குச் சுவரும் போதும், மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலக் கண்ணுள்ள கனமான கம்பிவலை. ஃபீனிக்ஸின் ஜனவரிக் குளிர் வளர்ந்த கோழிக்கு ஒரு பொருட்டே இல்லை.

தகரக் கூரை போட்டால் அதன் அடியில் இரண்டு அங்குல ஃபோம் பலகை ஒட்டி, அதற்கும் கீழே பிளைவுட் அடித்து மூடுங்கள். மூடாத ஃபோமைக் கோழிகள் கொத்தித் தின்றுவிடும். கூரைக்கும் வலைக்கும் நடுவே அரை அடி இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே வெளியேறும். அந்த இடைவெளியையும் வலையால் மூட வேண்டும். மேற்குப் பக்கம் 80 சதவீத நிழல்வலையைச் சுவரை ஒட்டாமல் ஓர் அடி தள்ளித் தொங்கவிடுங்கள். நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டுவது முக்கியம். பருவமழைக் காலப் புழுதிப்புயல், தளர்ந்த வலையைப் பிய்த்துப் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் போட்டுவிடும்.

கேள்வி: போன ஜூலையில் ஒரே நாள் மாலையில் இரண்டு ஆர்பிங்டன் கோழிகள் செத்துப்போயின. நிழல் இருந்தது, ஃபேன் ஓடியது, ஹோஸில் பிடித்த தண்ணீரும் நிறைய இருந்தது. மற்ற நான்கு பிழைத்தன. எங்கே தவறு நடந்தது?
– வாசகி, மேசா

மூன்று இடங்களில் நடந்திருக்க வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 – 42 செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடை மடல், கால் வழியாகக் கொஞ்சம் வெப்பம் வெளியேறும். அதற்குமேல் வாயைத் திறந்து இரைப்பதுதான் வழி. ஆர்பிங்டன், பிரம்மா, கொச்சின், வயண்டாட் எல்லாம் கனத்த உடலும் அடர்ந்த இறகும் கொண்ட குளிர்நாட்டு இனங்கள். வேனிலில் முதலில் விழுவது இவைதான். லெகார்ன், மினார்க்கா, எகிப்தின் ஃபயூமி, கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழி ஆகியவை தாங்கும். பெரிய கொண்டை, மெலிந்த உடல், குறைந்த இறகு: வாங்கும்போது இந்த மூன்றையும் பாருங்கள்.

அடுத்தது ஃபேன். காற்று 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் இருக்கும்போது, அது கோழியின் உடலைவிடச் சூடு. அந்தக் காற்றை வேகமாக வீசினால் கோழிக்கு வெப்பம் ஏறுமே தவிர இறங்காது. வியர்வை ஆவியாவதால் நமக்குக் குளிர்கிறது, கோழிக்கு அந்த வசதி இல்லை. அதனால் 100 பாரன்ஹீட்டுக்குமேல் ஃபேனுடன் ஈரமும் சேர வேண்டும். பாலைக்காற்று வறண்டிருப்பது இங்கே நமக்குச் சாதகம். 43 செல்சியஸ், 10 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை நீரால் முழுக்க நனைத்தால் கணக்குப்படி 20 – 21 வரைகூட இறங்கும். திறந்த கூண்டில் அதில் பாதி கிடைத்தாலே கோழி பிழைத்துவிடும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பருவமழைக் காற்று வந்து ஈரப்பதம் 30 சதவீதம் ஆகிவிட்டால், 40 செல்சியஸ் காற்று அதே கணக்கில் 26-க்குக் கீழே இறங்காது. ஜூனில் காப்பாற்றிய பனித்தூவி (தண்ணீரை நுண்துளியாகத் தூவும் மிஸ்டர் குழாய்) ஆகஸ்டில் கைவிடுவது இதனால்தான். அந்த நாட்களில் தண்ணீர்த்தட்டும் உறைந்த பாட்டில்களும்தான் துணை.

பனித்தூவியின் முனைகளைக் கூண்டுக்குள் படுக்கைமேல் (தரையில் பரப்பும் மரத்தூள்மேல்) வைக்காதீர்கள். காற்று வரும் பக்கத்தில், வெளிவிளிம்பில், ஏழடி உயரத்தில் வையுங்கள். துளி தரையைத் தொடுமுன் ஆவியாகிவிட வேண்டும். கீழே மண் நனைந்தால் முனை பெரிது அல்லது நேரம் அதிகம். டைமரில் ஒரு நிமிடம் ஓட்டி நான்கு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சாதாரண முனை ஒன்று மணிக்கு 2 முதல் 4 லிட்டர் தண்ணீர் விடும். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி, இரண்டு வாரத்தில் துளை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை முனைகளைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள். ஃபேனுக்கு ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் அமைப்பு) உள்ள வெளிப்புற பிளக்தான் வேண்டும். கோழிப்புழுதி மோட்டாரில் அடைந்தால் தீப்பிடிக்கும், அதையும் வாரம் ஒரு முறை துடையுங்கள்.

மூன்றாவது, நாங்கள் முதலில் சந்தேகப்படுவது, ஹோஸ் தண்ணீர். வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து முதலில் வருவது கையைச் சுடும் நீர். கோழி சூடான தண்ணீரைக் குடிக்காது. தட்டு நிறைந்திருக்கும், கோழி தாகத்தில் இருக்கும். ஹோஸை நன்றாக ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை மரத்துக்குப் பாய்ச்சிவிட்டு, பிறகு பிடியுங்கள். வேனிலில் ஒரு கோழி நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆறு கோழிக்கு 5 லிட்டராவது வேண்டும், இரண்டு இடங்களில் வேண்டும். ஒன்றே இருந்தால் வலுத்த கோழி மற்றதை விரட்டிவிடும். நம்மூர் மண்பானையின் வித்தை இந்த வறட்சியில் அருமையாக வேலை செய்யும். மெருகு போடாத மண்சட்டியை நிழலில் மணல்மேல் வைத்து ஊற்றினால் தண்ணீர் தானே குளிரும். காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் உறைந்த பாட்டில் ஒன்றை அதில் போடுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் விட்ட அகலமான தட்டு ஒன்று நிற்பதற்கு. கால் நனைந்தாலே கோழிக்குப் பாதி வெக்கை தணியும். தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

தீவனத்தை அதிகாலையிலும் மாலை ஆறுக்குமேலும் போடுங்கள். செரிமானமும் உடலில் சூடு உண்டாக்கும். அந்தச் சூடு மதிய வெயிலோடு சேரக்கூடாது. பகல் பத்து மணிக்கே தீவனத்தை எடுத்துவிடலாம்.

இரைப்பு, விரித்துத் தொங்கும் இறக்கை, இவை எச்சரிக்கை. நிற்க முடியாமல் சாய்ந்தாலோ, கண் மூடினாலோ, கொண்டை வெளிறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. குளிர்ந்த, ஆனால் ஐஸ் போடாத தண்ணீரில் கழுத்துவரை இறக்கி, தலையைக் கையால் தாங்கி, சில நிமிடம் வையுங்கள். ஐஸ் தண்ணீர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி உட்சூட்டை அடைத்துவிடும். பிறகு வீட்டுக்குள் ஏசியில் ஓர் அட்டைப்பெட்டியில் விடுங்கள். தானாகக் குடிக்கத் தொடங்கியதும் 4 லிட்டர் தண்ணீருக்கு அரை தேக்கரண்டி உப்பு, அரை தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து சில மணி நேரம் மட்டும் கொடுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

இரவையும் மறக்காதீர்கள். 2023-இல் ஃபீனிக்ஸில் ஜூன் 30 முதல் 31 நாள் தொடர்ந்து 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது. அந்தக் கோடையில் 16 நாள் தொடர்ந்து இரவின் குறைந்தபட்ச வெப்பமே 90-க்குக் கீழே இறங்கவில்லை. பகலில் தாங்கிய கோழி இரவில் ஆறவில்லையென்றால் மூன்றாம் நாள் விழும். இரவில் கோழி ஏறி உட்காரும் படுக்கைக் கட்டை மரமாக இருக்கட்டும், கோழிக்கு ஒன்றரை அடி கொடுங்கள், ஒட்டி உட்காராமல் தள்ளி உட்காரும். இரவில் காற்று உடல் வெப்பத்துக்குக் கீழே வந்துவிடுவதால் வெறும் ஃபேனே உதவும்.

கேள்வி: ஆகஸ்டில் மழை பெய்ததிலிருந்து நாற்றமும் ஈயும். பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டார். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவலாமா? முட்டை கொடுத்தும் பார்த்தேன், வாங்க மறுத்துவிட்டார்.
– வாசகர், கில்பர்ட்

இரண்டையும் தூவாதீர்கள். சுண்ணாம்பு எச்சத்தின் காரத்தன்மையைக் கூட்டும், அடைந்திருந்த அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் அமோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சு வாயு உண்டாகும். உங்களுக்கும் ஆபத்து, கோழிக்கும் ஆபத்து.

பாலையில் காய்ந்த கோழி எச்சம் ஏறக்குறைய நாறாது. நாறினால் எங்கோ ஈரம் இருக்கிறது. படுக்கையை ஒரு பிடி அள்ளிக் கசக்குங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டை பிடித்தால் ஈரம். பெரும்பாலும் மூன்று இடங்கள்: தண்ணீர்த்தட்டைச் சுற்றி, பனித்தூவியின் கீழ், கூரை நீர் வழிந்து உள்ளே வரும் மூலை. நனைந்ததை மண்வெட்டியால் அடிவரை அள்ளி வெளியேற்றுங்கள், அதன்மேல் புதிய மரத்தூள் போட்டு மூடுவது வேலைக்காகாது. குடிக்கும் தட்டை ஓர் அடி அகல ஜல்லிப் பெட்டிமேல் வையுங்கள். அல்லது பக்கவாட்டு நிப்பிள் (கோழி கொத்தினால் மட்டும் நீர் விடும் முனை) பொருத்திய மூடியுள்ள வாளிக்கு மாறுங்கள், சிந்தாது. ஆனால் நிப்பிள் மட்டும் போதாது. கடும் வெயிலில் கோழி அலகை முழுக்க நனைத்துக் குடிக்க விரும்பும், அதனால் மண்சட்டி ஒன்று நிழலில், ஜல்லிமேல் இருக்கட்டும். கூண்டைச் சுற்றி அரை அடிக்கு மண்ணை உயர்த்தி, மழைநீர் மரத்தடிக்கு ஓட வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 130 கிராம் எச்சமிடும். ஆறுக்கு வாரம் 5 கிலோ. அதில் பெரும்பங்கு இரவில் படுக்கைக் கட்டைக்குக் கீழே ஒரே இடத்தில் விழும். அங்கே ஒரு பலகை வைத்து தினமும் காலையில் சுரண்டினால் இரண்டு நிமிட வேலை. இந்த வெக்கையில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க ஒரு வாரமோ சற்றுக் கூடவோ ஆகும். வாரம் இருமுறை அள்ளினால் அந்தச் சுற்று முடிவதற்குள் அறுந்துவிடும். சட்டத்தில் வாரம் இரண்டு முறை என்றிருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அள்ளியதை மூடியுள்ள தொட்டியில் மக்க வையுங்கள். ஒரு பங்கு எச்சத்துக்கு மூன்று பங்கு காய்ந்த இலை அல்லது மரத்தூள், பிழிந்த துணி அளவு ஈரம். முடியாவிட்டால் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்கு. நாற்றமடிக்கும் ஈப்பொறியை மதிலோரம் தொங்கவிடாதீர்கள். அது ஊர் ஈயையெல்லாம் அவர் வீட்டுப் பக்கம் அழைக்கும்.

பெரியவர் முட்டையை மறுத்ததில் நியாயம் இருக்கிறது. அவர் கேட்டது நாற்றம் போக வேண்டும் என்று. பத்து நாள் மேற்சொன்னபடி செய்துவிட்டு, நீங்களே போய், “இப்போது எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் தெரிகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரமே எங்கே ஈரம் மிச்சம் என்று காட்டும். சாயங்காலம் என்றால் பனித்தூவி. விடியற்காலை என்றால் படுக்கைப் பலகை.

கேள்வி: பெட்டை என்று வாங்கிய ஆறு குஞ்சில் ஒன்று நான்காம் மாதம் கூவத் தொடங்கிவிட்டது. கூவாமல் இருக்கக் கழுத்துப்பட்டை விற்கிறார்களே, போடலாமா? பெட்டைகளும் விடியற்காலையில் சத்தம் போடுகின்றன.
– வாசகி, டெம்பி

கழுத்துப்பட்டை வேண்டவே வேண்டாம். தொண்டையை இறுக்கினால்தான் கூவல் அடங்கும். இரைத்து இரைத்துத்தான் உயிர் பிழைக்கும் பறவைக்கு இந்த ஊர் வெயிலில் தொண்டையை இறுக்குவது கொடுமை. சேவலை இடமுள்ள பண்ணைக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை நிறத்தைக் கொண்டே ஆண், பெண் பிரியும் கலப்பினக் குஞ்சுகளைக் கேளுங்கள். கோல்டன் காமெட்டில் பிறந்த அன்றே பெண் செம்பழுப்பு, ஆண் வெளிர்மஞ்சள். மற்ற இனங்களில் பெட்டை என்று விற்றாலும் தவறு நேரும், அதனால் சேவலானால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டையின் கொக்கரிப்பு முட்டையிட்ட பின் சில நிமிடம்தான். ஆனால் அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஜூனில் 5.20-க்கே சூரியன் வந்துவிடும். பலர் இருட்டறையில் அடைத்து ஏழுக்குத் திறக்கச் சொல்வார்கள். இங்கே அது சரிவராது. குளிர்ந்த அந்த இரண்டு மணி நேரம்தான் கோழி வயிறாரத் தின்னும் நேரம். படுக்கையும் முற்றமும் ஒரே வலைக்குள் இருந்தால் கதவு திறக்கச் சொல்லி அவை கத்தாது. முதல்நாள் இரவே தீவனத்தை வைத்து மூடி, விடியலில் தானாகத் திறக்கும் பெட்டி வைத்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். முட்டைப்பெட்டி இரண்டு இருக்கட்டும். ஒரே பெட்டிக்கு வரிசையில் நிற்கும் கோழிதான் அதிகம் கத்தும்.

கேள்வி: வேனிலில் முட்டை ஓடு காகிதம் போல ஆகிறது. கம்பங்கூழ், மோர் கொடுக்கலாமா?
– வாசகர், பியோரியா

இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறிவிடும். ரத்தம் காரமாகி, ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் போகும். தீவனமும் குறைந்துவிடுவதால் இரட்டை இழப்பு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள், வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும். கூழ் ஆறவைத்து மாலையில் ஆளுக்கு ஒரு கரண்டி தரலாம். மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் புரதம் குறையும். மோர் வேண்டாம். பால் சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது, கழிசல் வரும், கழிசல் என்றால் ஈரம். குளிர்ந்த தர்பூசணி போதும்.

கேள்வி: கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்புப் புள்ளிகள், தடவினால் போகவில்லை.
– வாசகி, டூசான்

அது ஒட்டுத் தெள்ளு, தென்மேற்குப் பாலைப்பகுதிகளில் சகஜம். தலையைப் புதைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வாஸலீன் தடவினால் மூச்சடைத்துச் சாகும். கண் ஓரத்தில் இருந்தால் கால்நடை மருத்துவரிடம்தான். அதன் புழுக்கள் மண்ணில் வளர்வதால் கூண்டு மணலையும் மாற்ற வேண்டும். நாய், பூனைக்கும் தொற்றும், பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஜூலையில் மூன்று வாரம் சென்னை போகிறோம். தானியங்கித் தீவனப்பெட்டி, டைமர் எல்லாம் வைத்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், சாண்ட்லர்

கூடாது. பருவமழைப் புயலில் மின்சாரம் போகும். மதியம் இரண்டு மணிக்குப் போய் ஐந்துக்கு வந்தால், நீங்கள் திரும்பும்போது கூண்டு காலியாகத்தான் இருக்கும். அடைத்த முனை, கவிழ்ந்த தட்டு எதையும் டைமர் பார்க்காது. காலை ஐந்தரைக்கும் மதியம் ஒன்றுக்கும் இரவு ஏழுக்கும் வந்து பார்க்கும் ஆள் வேண்டும். மதியம் வருவது தண்ணீரில் உறைந்த பாட்டில் போடவும் முட்டை எடுக்கவும். ஃப்ரீசரில் இருபது பாட்டில் உறைய வைத்துவிட்டு, ஒரு வாரம் முன்பே அவரை உங்களோடு நின்று செய்யச் சொல்லுங்கள். ஏசி அறையில் ஓர் அட்டைப்பெட்டியும் அருகிலுள்ள பறவை மருத்துவரின் எண்ணும் தயாராக இருக்கட்டும். பக்கத்து வீட்டார் ஒப்புக்கொண்டால் அந்த மூன்று வார முட்டை முழுவதும் அவர்களுக்கே. ஒருவரும் கிடைக்காவிட்டால் அந்த மாதத்துக்குக் கோழிகளை வேறு வளர்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள், அல்லது பயணத்தை டிசம்பருக்கு மாற்றுங்கள்.